பையன் கஞ்சா கேஸில் பிடிபட்டால் வீட்டார் என்ன செய்ய வேண்டும்

நான் கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தா. மனு டைப் அடிப்பது, வாய்தா தேதி குறிப்பது, நகலுக்கு எழுதிப் போடுவது, ஜாமீன்தார்களை அழைத்துப்போய் நிறுத்துவது இதெல்லாம் என் வேலை. சுவாமிமலை, திருப்பனந்தாள், பாபநாசம், வலங்கைமான் பக்கமிருந்து அம்மாக்கள் எங்கள் ஆபீஸுக்கு வருவார்கள். எஃப்.ஐ.ஆரில் ஒன்றிரண்டு பொட்டலம் என்று இருக்கும். பையன் பாலிடெக்னிக் படிக்கிறவனாக இருப்பான், அல்லது அறுவடை மிஷினில் ஹெல்பர், அல்லது திருப்பூரிலிருந்து திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன். முதல் இரண்டு நாளில் தெரியாமல் விட்ட விஷயத்துக்காக அந்தக் குடும்பங்கள் வருஷக்கணக்கில் அலைகின்றன. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வக்கீலைப் பார்க்காமல் இதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். வக்கீல் வரும்வரை எதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது, வந்த பிறகு அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் இதில் இருக்கிறது.

கஞ்சா நல்லது என்று நான் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் தினமும் புகைக்கிறவனின் படிப்பும் தூக்கமும் என்ன ஆகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம் அவனுக்குச் செய்ததைவிட, பழக்கத்தை ஒழிக்கிறோம் என்று வந்த வழக்கு செய்த கெடுதல் பெரியது. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

முதல் ராத்திரி

போன் வந்ததும் அழுவதற்கு முன் ஒரு நோட்டை எடுங்கள். யார் பேசினார்கள், எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எங்கே பிடித்தார்கள் என்று எழுதுங்கள். பிடித்தது உள்ளூர் ஸ்டேஷனா, மதுவிலக்கு, போதைப்பொருள் தடுப்புக்கான தனிப் போலீஸ் பிரிவா என்பதையும் கேட்டு எழுதுங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இந்த மூன்றும் சட்டம். மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, ராத்திரி ஒன்பது மணிக்குக் கைது என்று எழுதுவது நடக்கிறது. அந்த ஏழு மணி நேரத்துக்கு உங்கள் நோட்டைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

சாட்சி இருந்தாலும் அது சீக்கிரம் அழிந்துவிடும். தெருமுனை டீக்கடையிலும் மெடிக்கலிலும் கேமரா இருக்கிறது. அந்தப் பதிவு சில நாளில் தானாகவே அழிந்து அதன்மேல் புதியது ஏறிவிடும். கடைக்காரரிடம் அன்றைக்கே போய்ப் பணிவாகக் கேட்டு நகல் வாங்கி வையுங்கள். அவன் அந்த நேரத்தில் எங்கே இருந்தான் என்று காட்டும் பஸ் டிக்கெட், ஜி-பே ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். போலீஸ் ஸ்டேஷன்களில் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி வக்கீல் உடனே மனு கொடுத்தால்தான் பின்னால் கேட்க முடியும்.

ஸ்டேஷனுக்கு இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் நிதானமாகப் பேசத் தெரிந்தவராக இருக்கட்டும். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், மாத்து உடை, அவன் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவன் என்றால் டாக்டர் சீட்டு. மார்க் ஷீட் எதற்கென்றால் வயதுக்கு. 18 முடியாதவனை லாக்கப்பிலும் வைக்கக் கூடாது, ஜெயிலுக்கும் அனுப்பக் கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். பதினேழரை வயதுக்காரனை உருவத்தைப் பார்த்துப் பத்தொன்பது என்று எழுதிவிட்டால், அதைத் திருத்துவதற்குள் அவன் பெரியவர்களோடு உள்ளே இருந்துவிட்டு வந்துவிடுவான்.

ஸ்டேஷன் வாசலில் ஒருவர் வருவார். ஊர்க்காரராகவோ கட்சிக்காரராகவோ இருப்பார். "ஐயாகிட்ட பேசி முடிச்சுடலாம்மா, இன்னிக்கே கொடுத்தா கேஸே இல்ல" என்பார். கொடுக்காதீர்கள். லஞ்சம் குற்றம் என்பது ஒரு பக்கம். கொடுத்தவர்களுக்கும் கேஸ் போட்டார்கள், அதுதான் நான் பார்த்தது. தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு, வக்கீலுக்கு வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் வருகிறார்கள்.

காவலில் இருக்கிற யாருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் அது இருக்கிறது. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கும். ராத்திரி என்றால் 15100க்குப் போன் போடுங்கள்.

பையனிடம் பேச விட்டால், திட்டாதீர்கள். இரண்டு விஷயம் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே. வக்கீல் வரும்வரை பெயர், முகவரி தவிர எதுவும் எழுதிக் கொடுக்காதே. பல அம்மாக்கள் உள்ளே போய், "உண்மையைச் சொல்லிடுப்பா, விட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். விடமாட்டார்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்பது பழைய சட்டம். இந்த வகை வழக்குகளில் விசாரணை அதிகாரிகளிடம் கொடுத்ததும் அப்படித்தான் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அதில் அவன் சொல்லும் பெயர்களை வைத்து அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் வீட்டில் அடுத்த நாள் கதவு தட்டப்படும். அவர்களுக்கும் அம்மா இருக்கிறார்கள்.

எடையைப் பாருங்கள்

எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது எடை. மொத்த வழக்கும் அதில்தான் நிற்கிறது. போதைப்பொருள் சட்டம் 1985 நவம்பர் 14இல் அமலுக்கு வந்தது. அதன்படி கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு. அதிகபட்சம் ஒரு வருஷம் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவிலிருந்து 20 கிலோ வரை என்றால் பத்து வருஷம் வரை போகலாம். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தது பத்து வருஷம், ஜாமீன் மிகக் கஷ்டம். கையில் வைத்திருக்கவில்லை, புகைத்தான் என்று மட்டும் இருந்தால் 27ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை.

இப்போது யோசித்துப் பாருங்கள். 950 கிராமுக்கும் 1 கிலோ 100 கிராமுக்கும் இடையில் ஒரு பையனின் வாழ்க்கையில் ஒன்பது வருஷ வித்தியாசம் இருக்கிறது. எடை போடுவது ராத்திரியில், சாலை ஓரத்தில், அவர்கள் கொண்டுவந்த தராசில். கவரோடு போட்டார்களா, கவர் இல்லாமலா? ஈரமாக இருந்ததா? சட்டத்தின் வார்த்தைப்படி கஞ்சா என்றால் செடியின் பூவும் காயும் உள்ள நுனி. அந்த நுனி சேர்ந்து வராத வெறும் இலையும் விதையும் அதில் வராது. மகஜரில், அதாவது கைப்பற்றியதை எழுதும் பதிவில், "இலை, தண்டு, விதையுடன் கூடிய கஞ்சா" என்று இருந்தால், எதை எவ்வளவு எடை போட்டார்கள் என்ற கேள்வியை வக்கீல் கேட்டே ஆக வேண்டும். 1 கிலோ 50 கிராம், 1 கிலோ 100 கிராம் என்று எல்லைக்கு ஒட்டி எழுதப்பட்ட வழக்குகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்றையும் நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்தால் நிறுத்தி, இரண்டு தடவை படியுங்கள்.

அடுத்து எங்கே இருந்தது என்று பாருங்கள். சட்டைப்பையிலா, இடுப்பிலா, தோள்பையிலா, பைக் பெட்டியிலா? உடம்பில் தேடுவதற்கு முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை செய்யச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை உண்டு என்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். 50ஆம் பிரிவு. இதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று 2010இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. பையிலோ வண்டியிலோ இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. அதனால்தான் சில மகஜர்களில் பொருள் எப்போதும் ஒரு கட்டைப்பையில் இருக்கிறது. பையன் உண்மையில் பை வைத்திருந்தானா என்று அவனிடம் தனியாகக் கேட்டு, அவன் சொன்னதை வக்கீலிடம் சொல்லுங்கள்.

மாதிரி எடுப்பது மாஜிஸ்திரேட் முன்னிலையில் நடக்க வேண்டும் என்று 52ஏ பிரிவு இருக்கிறது. 2016இல் உச்சநீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது, 2022 டிசம்பரில் மத்திய அரசு விதிகளும் போட்டது. 2024 ஜூலை முதல் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில், சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. வீடியோ எங்கே என்று வக்கீல் எழுத்தில் கேட்கட்டும். அப்புறம், கைப்பற்றிய போன் மகஜரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாத போன் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ரிமாண்டும் ஜாமீனும்

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது, "போலீஸ் அடித்தார்களா?" என்று கேட்பார். பையன்கள் பயந்துபோய் "இல்லைங்கய்யா" என்கிறார்கள். அடித்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும், அந்த ஒரு நிமிஷம் திரும்ப வராது. ரிமாண்டுக்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையிலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வேறு பழக்கம் எது இருந்தாலும், குடி, மாத்திரை, ஊசி, அதையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. தினமும் குடித்தவனுக்குத் திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுப் பழகியவன் உள்ளே சில வாரம் இருந்துவிட்டு வெளியே வந்து பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும், ஏனென்றால் அவன் உடம்பு அந்த அளவுக்கு இப்போது பழக்கப்பட்டில்லை. ஜாமீனில் வந்த முதல் வாரம் அவனைத் தனியாக விடாதீர்கள்.

சிறு அளவு வழக்கில் 37ஆம் பிரிவின் கடுமையான ஜாமீன் நிபந்தனை கிடையாது. இது தானாகவே ஜாமீன் தர வேண்டிய குற்றமா இல்லையா என்பதில் உயர்நீதிமன்றங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது, அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் தயாராக வைக்க வேண்டியது ஜாமீன்தார்கள். பெரும்பாலும் இரண்டு பேர், அதில் ஒருவர் ரத்த உறவு என்று கேட்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, வீட்டு வரி ரசீது. வரி பாக்கி இருந்தால் முதல் நாளே ஊராட்சியில் கட்டி ரசீது வாங்கி வையுங்கள். ஜாமீன் உத்தரவு வந்த பிறகும், ஒரு வரி ரசீதுக்காக ஒருவன் சனி ஞாயிறு முழுக்கக் கிளைச் சிறையில் இருப்பது நடக்கிறது.

ஜாமீன் மனுவில், அவன் என்ன வேலை செய்கிறான், எங்கே செய்கிறான் என்பதை எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் "தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்து" என்று நிபந்தனை வரும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறவன் தினமும் பத்தரைக்கு எப்படி வந்து கையெழுத்துப் போடுவான்? நடவுக்கு விடியற்காலையில் வயலில் இறங்குகிறவன் எப்படி வருவான்? வேலை போகும், கையில் காசு இருக்காது, பழைய கூட்டாளிகள் மட்டும் பக்கத்தில் இருப்பார்கள். வாரம் ஒரு கையெழுத்து என்று ஆரம்பத்திலேயே கேட்கலாம், அல்லது சில வாரம் கழித்துத் தளர்த்தக் கேட்டு மனுப் போடலாம். நிபந்தனையை மீறி ஒரு நாள்கூட விடக் கூடாது, ஜாமீன் ரத்தாகும்.

ஜாமீன் கிடைக்காமல் உள்ளேயே இருந்தால் காலண்டரில் ரிமாண்ட் ஆன நாளை வட்டமிடுங்கள். சிறு அளவு வழக்கில் 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமை. வணிக அளவில் 180 நாள், அதையும் ஒரு வருஷம் வரை நீட்டிக்கச் சொல்லி அரசு வக்கீல் கேட்கலாம். இடைப்பட்ட அளவில் நாள் கணக்கில் வாதம் வரும், வக்கீலிடம் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். இந்த உரிமை தானாக வராது. நாள் முடிந்த அன்றைக்கே மனு போட வேண்டும். மறுநாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், போடாத மனுவுக்குப் பலன் இல்லை.

பைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபைனான்ஸில் வாங்கியதாக இருக்கும், தவணை ஓடிக்கொண்டிருக்கும், வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலில் கிடக்கும். போதைப்பொருள் வழக்கில் வண்டியை விடவே மாட்டார்கள் என்று சொல்வார்கள். வழக்கு நடக்கும்போது இடைக்காலமாக வண்டியை ஒப்படைக்கச் சட்டத்தில் தடை இல்லை என்று உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. மனு போடுங்கள்.

ஒத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்று சொன்னால்

இந்தப் பகுதிக்காகத்தான் முழுவதையும் எழுத உட்கார்ந்தேன். சில மாதம் அலைந்த பிறகு யாராவது சொல்வார்கள், "குற்றத்தை ஒத்துக்கோ, ஃபைன் கட்டிட்டுப் போயிடு, எத்தனை வாய்தாவுக்கு அலைவே?" அபராதம் சில ஆயிரம்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறதே என்று கணக்குப் பார்த்து அம்மாவும் சரி என்பார். அன்றைக்கு மத்தியானமே முடிந்துவிடும், எல்லாருக்கும் நிம்மதி.

அப்படி முடிந்தது அபராதம் இல்லை, தண்டனை. அவன் பெயரில் ஒரு தண்டனைத் தீர்ப்பு ஏறிவிட்டது. அடுத்த முறை இதே சட்டத்தில் பிடிபட்டால் 31ஆம் பிரிவின்படி தண்டனை ஒன்றரை மடங்கு வரை கூடலாம். போலீஸ், ராணுவம், ரயில்வே எழுதினால் சரிபார்ப்பில் வந்து நிற்கும். நம்ம டெல்டாவில் நிறைய வீட்டில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கம் கேட்கவே வேண்டாம். சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள். இருபது வயதில் 200 கிராமுக்காகக் கட்டிய அபராதம், இருபத்தாறு வயதில் வேலைக்கான விசாவை நிறுத்துகிறது. அப்போது வந்து "அக்கா, அதை எடுக்க முடியாதா?" என்று கேட்கிறான். எடுக்க வழி ரொம்பக் குறைவு.

அதனால் ஒத்துக்கொள்ளச் சொல்கிறவரிடம் முதலில் இரண்டு எண்ணைக் கேளுங்கள். 64ஏ, 39.

64ஏ பிரிவு இதுதான். புகைத்த வழக்கிலோ சிறு அளவு வழக்கிலோ குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் போதைக்கு அடிமையானவராக இருந்து, தானே முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால், அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 39ஆம் பிரிவு அதற்கு அடுத்த படி. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும், அடிமைப்பட்டவர் என்று நீதிபதிக்குத் தெரிந்தால், சிறைக்கு அனுப்பாமல், அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பி, ஒரு வருஷத்துக்குள் அதன் பலனை அறிக்கையாகக் கொடுக்கச் சொல்லலாம். இது 1985 சட்டத்தோடு வந்தது. 64ஏ பின்னால் சேர்க்கப்பட்டு, 2001 திருத்தத்தில் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் இந்தப் பிரிவுகளில் மனு போடுகிறவர்கள் எத்தனை குறைவு என்று பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சட்டமே திறந்து வைத்த கதவு இது, யாரும் போவதில்லை.

போவதற்கு என்ன வேண்டும்? மருத்துவரின் காகிதம். அதனால் ஜாமீனில் வந்த அந்த வாரமே அவனை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு ஓ.பி.க்கு அழைத்துப்போங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2025இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. பக்கத்தில் எது என்று தெரியாவிட்டால் 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண், 14416 மனநல ஆலோசனை எண். ஓ.பி. சீட்டு ஒவ்வொன்றையும் ஒரு கவரில் வையுங்கள். தேதி வரிசையாக இருக்கட்டும். நீதிபதி முன் அந்தக் கவர் பேசும் அளவுக்கு எந்த வாதமும் பேசாது. பழக்கமே இல்லாமல், நண்பன் பொட்டலத்தோடு மாட்டியவனை அடிமை என்று எழுதி வாங்க வேண்டாம், அது பொய். அவனுக்கு வழக்கை நடத்துவதுதான் வழி.

குண்டாஸ்

ஒரு முறைக்கு மேல் வழக்கு இருந்தால் இந்தப் பயத்தைக் காட்டுவார்கள். குண்டர் சட்டம் என்று சொல்கிற 1982ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டம் 14இன்படி, போதைப்பொருள் குற்றவாளிகளையும் சேர்த்து, விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை தடுப்புக்காவலில் வைக்கலாம். கலெக்டர் உத்தரவு போட்டால் 12 நாளுக்குள் அரசு அதை ஏற்க வேண்டும். வந்த காகிதங்களை ஒன்றுவிடாமல் வாங்கிப் படியுங்கள். அவனுக்குத் தெரிந்த மொழியில், படிக்க முடிகிற நகலாக எல்லாம் தரப்பட்டதா? நீங்கள் அனுப்பிய முறையீட்டை அரசு தாமதமில்லாமல் பார்த்ததா? இந்த இரண்டில்தான் நிறைய உத்தரவுகள் உயர்நீதிமன்றத்தில் விழுகின்றன. முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள்.

எந்த உயர்நீதிமன்றம் என்பதில் எங்கள் பகுதியில் ஒரு குழப்பம் உண்டு. தஞ்சாவூர் மாவட்ட வழக்கு மதுரைக் கிளைக்குப் போகும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டம் என்றால் சென்னை. கும்பகோணத்தில் பிடிபட்டால் மதுரை, பஸ்ஸில் கொஞ்ச நேரத்தில் போகிற வலங்கைமானில் பிடிபட்டால் சென்னை. தவறான ஊரில் வக்கீல் பிடித்துப் பணம் கட்டிவிட்டு வராதீர்கள்.

வெளியே வந்த பிறகு

இத்தனை கேஸும் போட்டு என்ன நடந்தது என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். கஞ்சா ஆந்திரா, ஒடிசா மலைப் பக்கமிருந்து ரயிலிலும் லாரியிலும் வருகிறது. ஒரு பங்கு வேதாரண்யம், கோடியக்கரை கடற்கரை வழியாக இலங்கைக்குப் போகிறது. மூட்டை பிடிபட்டால் மாட்டுகிறவர்கள் டிரைவரும் சுமந்தவனும் படகு ஓட்டியவனும். பணம் போட்டவன் பெயர் பெரும்பாலும் குற்றப்பத்திரிகைக்கு வருவதில்லை. பெரிய கண்ணி வலையை வைத்துக்கொண்டு கெண்டைப்பொடியைக் கரையில் கொட்டிக் காட்டுவதுபோல எண்ணிக்கை மட்டும் வருகிறது. 2022இல் 'ஆபரேஷன் கஞ்சா 2.0' என்று மாநிலம் முழுக்க நடத்தினார்கள், அப்புறம் 3.0, 4.0. பொட்டலம் கிடைப்பது கஷ்டமானபோது எங்களிடம் வரும் வழக்குகளில் டபென்டடால் மாத்திரை கூடியது. புற்றுநோய்க்காரர்களுக்கும் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் தரும் வலி மாத்திரை. அதைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். ஒரே ஊசி கை மாறுகிறது, கை வீங்கி வருகிறான். பீடியில் வைத்துப் புகைத்தவனைத் துரத்தித் துரத்தி ஊசிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறோம். சாராயத்திலும் இதே கதைதானே. இருட்டில் விற்கிற சரக்கில் என்ன இருக்கிறது என்று குடிக்கிறவனுக்குத் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

உலகத்தில் இதை வேறு மாதிரி பார்க்கிறவர்கள் உண்டு. போர்ச்சுகல் 2001இலேயே, சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் கிரிமினல் குற்றத்திலிருந்து எடுத்து, சிகிச்சைப் பக்கம் திருப்பியது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க ஓட்டெடுப்பு நடந்தபோது 27க்கு 25 என்று நிறைவேறியது, இந்தியா எடுக்கலாம் என்றுதான் ஓட்டுப் போட்டது. அங்கே அப்படி ஓட்டுப் போட்ட நாட்டில், இங்கே 50 கிராமுக்குப் பையன் ரிமாண்டில் இருக்கிறான்.

சரி, உங்கள் பையன் வெளியே வந்துவிட்டான். வீட்டில் பூட்டி வைக்காதீர்கள், சொந்தக்காரர்கள் முன் திட்டாதீர்கள். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன் நன்னடத்தைப் பத்திரம் எழுதித் தரச் சொல்லி நோட்டீஸ் வந்தால் வக்கீல் இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம், அதை மீறினால் பத்திரக் காலம் முடியும்வரை உள்ளே வைக்கலாம். வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தரும் தனி எண்) வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டு வையுங்கள், அடுத்த வாய்தா எப்போது என்று உங்கள் போனிலேயே தெரியும். தேதி மறந்து பிடிவாரண்ட் ஆனால் திரும்ப முதலிலிருந்து அலைய வேண்டும்.

தனியார் மறுவாழ்வு மையம் என்று போர்டு போட்ட இடங்களில் சேர்ப்பதாக இருந்தால், முதலில் நீங்களே போய் உள்ளே பாருங்கள். சில இடங்களில் கட்டிப் போடுகிறார்கள், அடிக்கிறார்கள், வீட்டாரைப் பார்க்க விடுவதில்லை. அப்படி ஒரு இடத்திலிருந்து தோள்பட்டை உடைந்து வந்தவனின் புகாரை நான்தான் டைப் அடித்தேன். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அந்த இடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் யார், எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். உள்ளே இருக்கிற இரண்டு பேரிடம், மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாமல் பேச வேண்டும் என்று கேளுங்கள். 64ஏ மனுவுக்குப் பயன்பட வேண்டுமென்றால் அரசு அங்கீகாரக் கடிதத்தின் நகலும் வேண்டும். இதில் எதையாவது காட்ட மறுத்தால் அவனைத் திரும்ப பஸ் ஏற்றி, அரசு மருத்துவமனை ஓ.பி.க்கே அழைத்துப்போங்கள். காலையில் சீக்கிரம் போனால் வரிசை குறைவாக இருக்கும், பழைய சீட்டுகளை மறக்காமல் எடுத்துப்போங்கள்.